டிசம்பர் 33-ந் தேதி!

டிசம்பர் மாதத்துக்கு எத்தனை நாள்?

"31" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். எந்தக் காலண்டரை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். 31-ந் தேதித் தாளைக் கிழித்தால் கீழே அட்டைதான் இருக்கும்.

ஆனால், டிசம்பர் 33 என்று ஒரு தேதியை, உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒன்று எழுதியது. கை தவறி எழுதவில்லை. தெரிந்தே எழுதியது. அந்தத் தேதியை எழுதிய பிறகுதான், பல நாடுகளில் நின்று கிடந்த ஈமெயில்கள் சரியானபடி போய்ச் சேரத் தொடங்கின!

கம்பெனியின் பெயர், மைக்ரோசாப்ட். அமெரிக்கக் கம்பெனி. நடந்தது, 2022-ம் ஆண்டு பிறந்த அன்று.

புத்தாண்டு அன்று

2022 ஜனவரி 1-ந் தேதி, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. ஆபீசுகளுக்கெல்லாம் பூட்டு.

உலகப் பொது நேரப்படி நள்ளிரவு 12 மணி அடித்துப் புத்தாண்டு பிறந்தபோது, இந்தியாவில் விடியற்காலை 5½ மணி. அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில், இன்னும் பழைய ஆண்டே முடியவில்லை. டிசம்பர் 31-ந் தேதி மாலை 7 மணி. விருந்துக்குப் புறப்படும் நேரம்.

அதற்குப் பிறகுதான் புகார் கிளம்பியது.

"ஈமெயில் வரவில்லை!"

எல்லோருக்கும் அல்ல. செல்போனில் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஈமெயில்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மைக்ரோசாப்ட் தன் சொந்தக் கட்டிடங்களில் வைத்து நடத்தும் ஈமெயிலும் நன்றாகவே ஓடியது. நின்று போனது வேறு வகை.

பெரிய கம்பெனிகள், கல்லூரிகள், அரசாங்க ஆபீசுகள் இவற்றில் சில, ஈமெயிலுக்காகத் தங்கள் கட்டிடத்திலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கொள்வது உண்டு. அதற்குச் சர்வர் என்று பெயர். ஓட்டலில் கேட்டதைக் கொண்டு வந்து வைப்பவரைச் சர்வர் என்கிறோம் அல்லவா? அதே பெயர்தான். இதுவும் கேட்டவர்களுக்குக் கேட்டதைக் கொண்டு வந்து கொடுக்கும். சொந்தத் தபால் ஆபீஸ் என்று வைத்துக் கொள்ளலாம்.

அப்படிச் சொந்தத் தபால் ஆபீஸ் நடத்த மைக்ரோசாப்ட் விற்ற சாதனம், 'எக்ஸ்சேஞ்ச் சர்வர்.' அதில் 2016, 2019 என்று இரண்டு ரகங்கள் அன்று தகராறு செய்தன. வெளியூரில் இருந்து வந்த கடிதங்கள் உரியவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஒரே மாடியில் பக்கத்து மேஜைக்கு அனுப்பிய கடிதம் கூடப் போய்ச் சேரவில்லை.

கம்பெனிக்கு ஆர்டர், வேலைக்கு வரச் சொல்லும் உத்தரவு, ஆஸ்பத்திரிச் சோதனை முடிவு, கோர்ட்டு வக்கீலின் கடிதம்... ஈமெயிலில் வராதது எது? அது நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சர்வர்களைப் பார்த்துக் கொள்ளும் நிபுணர்களுக்கு விருந்து போயிற்று. எழுந்து ஓடினார்கள்.

கடிதம் எப்படி வருகிறது?

அவர்கள் எதைத் தேடினார்கள் என்பது தெரிய வேண்டுமானால், ஒரு ஈமெயில் எந்த வழியாக வருகிறது என்பது தெரிய வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு முதன் முதலாகக் கடிதம் அனுப்பியவர், ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க என்ஜினீயர். ஆண்டு 1971. இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே அறையில் அடுத்தடுத்து நின்றன! ஆனால் கடிதம் நேராகப் போகவில்லை. கம்பி வழியாக வெளியே போய்ச் சுற்றிக் கொண்டு பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஆளின் பெயரையும் இடத்தின் பெயரையும் பிரித்துக் காட்ட, வால் சுழித்த 'அட்' குறியை நடுவிலே போட்டவரும் அவரே.

அதற்கு 11 ஆண்டுகள் கழித்து, 1982-ல், ஜான் போஸ்டல் என்பவர் கடிதப் போக்குவரத்துக்கு ஒரு சட்டம் எழுதினார். இரண்டு சர்வர்கள் சந்தித்தால் எப்படிப் பேசிக் கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். இன்றைக்கும் அடிப்படை அதுதான்.

பேச்சு மிகவும் மரியாதையாக இருக்கும். கடிதம் கொண்டு வருகிற சர்வர் கதவைத் தட்டும். உள்ளே இருக்கும் சர்வர், "220. இங்கே இருக்கிறேன்" என்று குரல் கொடுக்கும்.

"ஹலோ, நான் இன்ன இடத்துச் சர்வர்."

"250. சரி."

"இன்னார் எழுதிய கடிதம் கொண்டு வந்திருக்கிறேன்."

"250. சரி."

"உங்கள் இடத்தில் இருக்கும் இன்னாருக்கு."

"250. சரி."

"கடிதத்தைக் கொடுக்கலாமா?"

"354. கொடு."

கடிதம் முழுவதும் போகும். கடைசி வரியில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இருக்கும். புள்ளி வந்தால் கடிதம் முடிந்தது என்று அர்த்தம். உடனே, "250. பெற்றுக் கொண்டேன்" என்று பதில் வரும். வந்த சர்வர் விடை பெற்றுப் போய்விடும்.

இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் நடந்து விடுகிறது!

பதில்களுக்கு எல்லாம் எண் உண்டு. 2-ல் தொடங்கினால் நல்ல செய்தி. 4-ல் தொடங்கினால், "இப்போது முடியாது, அப்புறம் வா." 5-ல் தொடங்கினால், "முடியாது, போ." 4 கிடைத்த சர்வர் கடிதத்தைத் தூக்கி எறிந்து விடாது. தன்னிடமே வைத்துக் கொண்டு திரும்பத் திரும்ப வரும். குறைந்தது அரை மணிக்கு ஒரு தரம் என்று இடைவெளி விட்டு, 4, 5 நாள் வரையாவது வர வேண்டும் என்பது முறை. எந்தத் தபால்காரர் பூட்டிய வீட்டுக்கு இத்தனை தரம் நடப்பார்?

சரி, எந்தக் கதவைத் தட்டுவது என்று வருகிற சர்வருக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு விலாசப் புத்தகம் இன்டர்நெட்டில் இருக்கிறது. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்தது. "இந்தப் பெயருள்ள இடத்துக்குக் கடிதம் வந்தால், இன்ன சர்வரிடம் கொடு" என்று அதில் ஒரு குறிப்பு இருக்கும். அதற்கு 'எம்.எக்ஸ்.' என்று பெயர். சர்வருக்குப் பல வாசல்கள் இருந்தாலும், மற்றச் சர்வர்கள் கடிதம் கொண்டு வர ஒதுக்கப்பட்ட வாசல் 25-ம் எண் வாசல்.

தேடுவது எப்படி?

வெளியூர்க் கடிதம் வரவில்லை என்று புகார் வந்தால், அனுபவம் உள்ள நிபுணர் உடனே சர்வரைத் திறந்து கொண்டு உட்கார மாட்டார். முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"அனுப்பியவருக்குக் கடிதம் திரும்பி வந்ததா?"

இந்தக் கேள்வியில் பாதி வேலை முடிந்து விடும். திரும்பி வந்த கடிதத்தின் மேலேயே காரணம் எழுதி இருக்கும், தபால் உறையில் "விலாசதாரர் இல்லை" என்று எழுதித் திருப்புவது போல. பலர் அதைப் படிக்காமலே அழித்து விடுகிறார்கள். புரியாத இங்கிலீஷும் எண்களுமாக இருப்பதால் பயந்து விடுகிறார்கள். அழிக்காமல் வைத்திருந்து நிபுணரிடம் காட்டினால், அவர் கும்பிடுவார்!

அடுத்தது, விலாசப் புத்தகம். 'எம்.எக்ஸ்.' குறிப்பு சரியாக இருக்கிறதா? சர்வரை வேறு இடத்துக்கு மாற்றி விட்டுக் குறிப்பை மாற்ற மறந்து விட்டார்களா? பெயருக்கு உரிய கட்டணத்தைக் கட்டினார்களா? இன்டர்நெட்டில் ஒரு பெயரை விலை கொடுத்து நிரந்தரமாக வாங்கி விட முடியாது. தவணை முடிந்ததும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

இதில் பெரிய கம்பெனி கூட ஏமாந்து விடும். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில், 'ஹாட்மெயில்' வாடிக்கையாளர்களில் பலரால் தங்கள் கடிதங்களைப் பார்க்க முடியாமல் போயிற்று. காரணம்: உள்ளே நுழைவதற்குத் தேவையான ஒரு பெயரைப் புதுப்பிக்கப் பணம் கட்டவில்லை. எவ்வளவு பணம்? 35 டாலர்! ஹாட்மெயிலுக்குச் சொந்தக்காரரான அதே மைக்ரோசாப்ட்தான் மறந்து விட்டது. கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு புரோகிராமர் இதைக் கண்டுபிடித்து, தன் சொந்தப் பணம் 35 டாலரைக் கட்டினார். கதவு திறந்து கொண்டது.

விலாசம் சரி என்றால், 25-ம் வாசல். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டிடத்துக்கு உள்ளே உட்கார்ந்து கொண்டு இந்த வாசலைச் சோதித்தால், எப்போதும் திறந்திருப்பது போலவே தெரியும். வெளியே மதில் போல நிற்கும் 'பயர்வால்' அதை அடைத்துக் கொண்டிருப்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே வெளியே போய், வேறு ஒரு இடத்துக் கம்ப்யூட்டரில் இருந்து தட்டிப் பார்க்க வேண்டும். "220" என்று குரல் வந்தால் வாசல் திறந்திருக்கிறது. குரலே வராவிட்டால், குற்றவாளி மதில்.

குரல் வருகிறது, ஆனால் விலாசத்தைச் சொன்னதும் 5-ல் தொடங்கும் எண்ணைச் சொல்லி விரட்டுகிறது என்றால், "இந்தப் பெயர் உன்னுடைய இடம்தான்" என்று சர்வருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை என்று அர்த்தம். 452 என்று சொன்னால், சர்வரில் கடிதம் வைக்க இடமோ சக்தியோ போதவில்லை. தட்டுமுட்டுச் சாமான் நிறைந்த வீட்டில் புதுப் பெட்டியை எங்கே வைப்பது?

இந்தச் சோதனைகளில் ஏதாவது ஒன்றில் கள்ளன் அகப்பட்டு விடுவான். பெரும்பாலும் சின்னக் கள்ளன்தான்.

2022 ஜனவரி 1-ந் தேதி அகப்படவில்லை!

எல்லாம் சரி, கடிதம் எங்கே?

விலாசம் சரியாக இருந்தது. மதில் தடுக்கவில்லை. 25-ம் வாசல் திறந்திருந்தது. தட்டினால் 220. பெயர் சொன்னால் 250. கடிதம் கொடுத்தால், "250. பெற்றுக் கொண்டேன்."

அனுப்பியவரைப் பொறுத்தவரை கடிதம் போய்ச் சேர்ந்து விட்டது. பெற வேண்டியவரைப் பொறுத்தவரை கடிதமே இல்லை. நடுவிலே எங்கே போயிற்று?

வாசலைத் தாண்டி உள்ளே வந்த கடிதங்கள், வீட்டுக்குள் நுழையாமல் நடையிலேயே குவிந்து கிடந்தன. சர்வருக்குள் வரிசை என்று ஒன்று உண்டு. வந்த கடிதங்கள் அதில் நின்று, ஒவ்வொன்றாகப் பரிசோதனை முடிந்து உள்ளே போக வேண்டும். அந்த வரிசை நகரவே இல்லை. கடிதங்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக் கொண்டே இருந்தது.

சர்வர் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஒரு பேரேட்டில் எழுதி வைக்கும். நிபுணர்கள் அந்தப் பேரேட்டைப் புரட்டினார்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. அதன் சாரம் இதுதான்:

"2201010001 என்பதை எண்ணாக மாற்ற முடியவில்லை."

அது எண்தானே? அதை எண்ணாக மாற்ற முடியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

காவற்காரனின் புத்தகம்

நடையிலே ஒரு காவற்காரன் இருக்கிறான். கடிதத்துடன் வைரஸ் என்னும் நாசகாரப் புரோகிராம் ஒளிந்து வருகிறதா என்று பரிசோதிப்பது அவன் வேலை. சர்வரை வாங்கும்போதே அவனும் சேர்ந்து வருவான்.

கேடிகளின் படங்கள் ஒட்டிய புத்தகம் போலீஸ் நிலையத்தில் இருக்கும் அல்லவா? அதைப் போல இந்தக் காவற்காரனிடமும் ஒரு புத்தகம் உண்டு. புதிது புதிதாக வைரஸ்கள் கிளம்புவதால், புத்தகமும் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. இன்டர்நெட் வழியாக மைக்ரோசாப்ட் அனுப்பிக் கொண்டே இருக்கும். புத்தகத்தின் மேல் ஒரு எண் போட்டிருக்கும். எண்ணைப் பார்த்து, "என்னிடம் இருப்பது பழசு, இது புதுசு" என்று காவற்காரன் தெரிந்து கொள்வான்.

எண் போட்டவர்கள் ஒரு சுலபமான வழியைப் பிடித்தார்கள். தேதியையே எண்ணாக்கி விட்டார்கள். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு. அடுத்த இரண்டு மாதம். அடுத்த இரண்டு தேதி. கடைசி நான்கு, வரிசை எண்.

2021 டிசம்பர் 31-ந் தேதி என்றால், 21, 12, 31, 0001. சேர்த்து எழுதினால் 2112310001. அதாவது 211 கோடியே 23 லட்சத்து 10 ஆயிரத்து 1.

மறுநாள் 2022 ஜனவரி 1. அதாவது 22, 01, 01, 0001. சேர்த்து எழுதினால் 2201010001. அதாவது 220 கோடியே 10 லட்சத்து 10 ஆயிரத்து 1.

ஒரே நாளில் எண் 8 கோடிக்கு மேல் எகிறி விட்டது!

எகிறினால் என்ன? காவற்காரன் கையில் இருந்த படி, 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் கொள்ளும். அதற்கு மேல் ஒன்றே ஒன்று போட்டாலும் கொள்ளாது.

அது என்ன கணக்கு?

கம்ப்யூட்டருக்கு 0, 1 என்ற இரண்டு இலக்கம்தான் தெரியும். விளக்கு அணைந்திருந்தால் 0, எரிந்தால் 1 என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு விளக்கு இருந்தால் இரண்டு விதமாகக் காட்டலாம். இரண்டு விளக்கு இருந்தால் நான்கு விதம். மூன்று என்றால் எட்டு. ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு மடங்கு ஆகும்.

காவற்காரனுக்கு எண் எழுதி வைக்க 32 விளக்குகள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்று, கூட்டலா கழித்தலா என்று காட்டப் போய்விடும். மிச்சம் 31. இரண்டை 31 தரம் பெருக்கி, 0-வுக்காக ஒன்றைக் கழித்தால், மேலே சொன்ன 214 கோடிச் சொச்சம் வரும்.

கம்ப்யூட்டர் உலகத்தில் பலரைக் கவிழ்த்த எண் இது. கொரியாப் பாட்டுக்காரர் சை ஆடிப் பாடிய 'கங்கம் ஸ்டைல்' பாட்டு, குழந்தைகளுக்குக் கூட நினைவு இருக்கும். யூடியூபில் அந்தப் பாட்டைப் பார்த்தவர்கள் கணக்கு இந்த எண்ணைத் தாண்டும் நிலைக்கு வந்து விட்டது. கணக்குப் போடும் முறையையே பெரிதாக்கி விட்டதாக யூடியூப் 2014 டிசம்பரில் அறிவித்தது. விளக்குகள் 32-ல் இருந்து 64 ஆயின. இவ்வளவு பேர் பார்ப்பார்கள் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. அது நியாயம். ஆனால் 2021-க்குப் பிறகு 2022 வரும் என்பது யாருக்குத்தான் தெரியாது?

புதிய புத்தகம் வந்தது. காவற்காரன் எண்ணைப் படிக்கப் பார்த்தான். கொள்ளவில்லை. மயங்கி விழுந்தான். மறுபடியும் எழுந்தான், படித்தான், விழுந்தான்.

"காவற்காரன் பார்க்காமல் ஒரு கடிதமும் உள்ளே போகக் கூடாது" என்பது சட்டம். காவற்காரனோ விழுந்து கிடக்கிறான். ஆகவே ஒரு கடிதமும் போகவில்லை.

காவலை எடுப்பதா?

காரணம் தெரிந்து விட்டது. ஆனால் நிபுணர்கள் அவர்களாகவே காவற்காரனைக் குணப்படுத்த முடியாது. அது மைக்ரோசாப்டின் வேலை. அவர்கள் கையில் இருந்தது ஒரே வழி. காவற்காரனை வேலையில் இருந்து நிறுத்தி விட்டு, பரிசோதனை இல்லாமலே கடிதங்களை உள்ளே விடுவது.

அது சின்ன விஷயம் அல்ல. அதற்குப் பத்து மாதம் முன்புதான், 2021 மார்ச்சில், இதே எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்த நான்கு ஓட்டைகள் வழியாகத் திருடர்கள் புகுந்தார்கள். உலகம் முழுவதும் பல ஆயிரம் சர்வர்கள் பாதிக்கப்பட்டன. சூடு கண்ட பூனைக்குப் பாலைக் கண்டாலும் பயம். காவலை எடுத்து விட்டு, அன்று பார்த்து ஒரு வைரஸ் உள்ளே வந்து விட்டால், கம்பெனி யாரைக் கேட்கும்? காவலை எடுத்தவரைத்தான் கேட்கும்.

எடுக்காவிட்டாலோ, கடிதங்கள் நடையில் கிடக்கும். எத்தனை நாள் கிடக்கலாம்? அதற்கும் கெடு உண்டு. கெடுவை யாரும் மாற்றி வைக்காவிட்டால், எக்ஸ்சேஞ்ச் சர்வரில் அது 2 நாள். சனிக்கிழமை நின்ற கடிதத்தை, திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறந்த பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று விட முடியாது.

பரிசோதனையை நிறுத்தி வைக்கும் வழி வேகமாகப் பரவியது. பல இடங்களில் காவலை எடுத்தார்கள். வேறு கம்பெனியின் காவற்காரனையும் கூடவே வைத்திருந்தவர்களுக்கு அதில் பெரிய கவலை இல்லை. மைக்ரோசாப்டின் காவற்காரனை முன்பே நிறுத்தி விட்டு, வெளி ஆளை மட்டும் வைத்திருந்தவர்களோ, இப்படி ஒன்று நடந்ததையே அறியாமல் விருந்தில் இருந்தார்கள்! ஒரே ஒரு காவற்காரனை நம்பி இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். கடிதமா, காவலா என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டி இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். காவற்காரன் விழுந்ததும் கதவு தானாகத் திறந்து கொள்ளும்படி அந்தச் சர்வரைச் செய்திருந்தால், ஒருவருக்கும் கஷ்டம் தெரிந்திருக்காது. வைரசுக்கும் கஷ்டம் இருந்திருக்காது! மூடிக் கொண்டதே மேல். நின்ற கடிதம் நின்றதே தவிர, அழிந்து போகவில்லை.

வந்தது டிசம்பர் 33

மைக்ரோசாப்டிலும் என்ஜினீயர்கள் புத்தாண்டை விட்டு விட்டு வேலையில் இறங்கினார்கள். "இது வைரசும் அல்ல, திருட்டும் அல்ல. தேதியைப் பார்க்கும் இடத்தில் ஏற்பட்ட கோளாறு" என்ற விளக்கத்தைக் கம்பெனி வெளியிட்டது.

முறையாகச் செய்வதென்றால், காவற்காரனுக்கு 32 விளக்குக்குப் பதில் 64 விளக்குக் கொடுக்க வேண்டும். அதற்குச் சர்வருக்குள் பல இடங்களில் கை வைக்க வேண்டி வரும். கை வைத்தால் சோதிக்க வேண்டும். சோதிக்க நாள் ஆகும். ஆனால் கெடு 2 நாள்!

ஆகவே அவர்கள் வேறு ஒரு காரியம் செய்தார்கள். படியைப் பெரிதாக்கவில்லை. படியில் கொள்கிற மாதிரி தேதியைச் சின்னதாக்கினார்கள்.

2022 பிறந்து விட்டது. புதிய புத்தகத்துக்கு எண் வேண்டும். எண் 22-ல் தொடங்கக் கூடாது. தொடங்கினால் காவற்காரன் விழுந்து விடுவான். 21-ல்தான் தொடங்க வேண்டும். ஆனால் பழைய புத்தகத்தை விடப் பெரிய எண்ணாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், "இது பழசு" என்று காவற்காரன் தள்ளி விடுவான். 2021 டிசம்பர் 31 வரை உள்ள தேதிகள் எல்லாம் தீர்ந்து விட்டன.

என்ன செய்வது? 2021-ம் ஆண்டை இழுத்தார்கள்!

புதிய புத்தகத்தின் எண், 2112330001.

பிரித்துப் படித்துப் பாருங்கள். 21. 12. 33. 0001. ஆண்டு 2021, மாதம் டிசம்பர், தேதி 33!

211 கோடியே 23 லட்சத்து 30 ஆயிரத்து 1. பழைய எண்ணை விடப் பெரிது. படியில் கொள்ளும் அளவை விடச் சின்னது. காவற்காரனுக்குக் காலண்டர் தெரியாது. டிசம்பருக்கு எத்தனை நாள் என்று அவன் கேட்பதில்லை. எண் பெரிதா, சின்னதா என்பதுதான் அவன் கவலை. புத்தகத்தை வாங்கிக் கொண்டான்.

இது வெட்கப்பட வேண்டிய ஒட்டு வேலை என்று சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வருவது உண்மைதான். ஆனால் நடுக்கடலில் ஓட்டை விழுந்த படகை அடைக்கக் கையில் கிடைத்த துணியை வைத்தவனைப் பார்த்து, "பலகை வைக்காமல் துணியா வைத்தாய்?" என்று கரையில் இருந்து கேட்பது எளிது.

துடைத்து எடுத்த வேலை

எண் கிடைத்ததும் எல்லாம் தானாகச் சரியாகி விடவில்லை. ஒவ்வொரு சர்வரிலும் ஆள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டி இருந்தது.

காவற்காரனையும் கடிதம் கடத்தும் பகுதியையும் முதலில் நிறுத்த வேண்டும். அவனிடம் இருக்கும் பழைய புத்தகத்தையும், படிக்க முடியாத புதுப் புத்தகத்தையும் பிடுங்கித் துடைத்து எறிய வேண்டும். டிசம்பர் 33-ந் தேதிப் புத்தகத்தை இன்டர்நெட்டில் இருந்து இறக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கி விட வேண்டும். இவ்வளவையும் வரிசையாகச் செய்யும் ஒரு சின்னப் புரோகிராமை மைக்ரோசாப்ட் எழுதிக் கொடுத்தது. ஒரு சர்வர் வைத்திருந்தவர்களுக்குச் சீக்கிரம் முடிந்தது. பல சர்வர் வைத்திருந்தவர்கள் ஒவ்வொன்றாக நடந்தார்கள்.

காவலை எடுத்திருந்தவர்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. காவற்காரனைத் திரும்பக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். அவசரத்தில் ஒன்றை நிறுத்தியவர்கள், அவசரம் தீர்ந்ததும் அதை மறந்து விடுவது எந்த ஆபீசிலும் உள்ள வழக்கம். ஈமெயில் ஓடத் தொடங்கினால் போதும், காவல் இல்லை என்பது ஒருவர் கண்ணிலும் படாது. அந்த நாலு நாளில் எந்த நிபுணர் மறக்காமல் இருந்தாரோ, அவருக்குச் சம்பளம் உயர்த்தலாம்.

காவற்காரன் எழுந்து நின்றதும் வரிசை நகர்ந்தது. நடையில் கிடந்த கடிதங்கள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே போயின. "புத்தாண்டு வாழ்த்துக்கள்" என்ற கடிதங்கள் புத்தாண்டு முடிந்த பிறகு வந்து விழுந்தன.

படியில் இன்னும் எவ்வளவு இடம் இருந்தது என்று கணக்குப் பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கலாம். 2112330001-ஐ 2147483647-ல் இருந்து கழித்தால், 3 கோடியே 51 லட்சத்து 53 ஆயிரத்து 646. புத்தகத்துக்கு ஒரு எண் என்று கொடுத்தால், அத்தனை புத்தகங்கள்! தேதியை எண்ணாக எழுதும் பழக்கத்தை விட்டு விட்டால், அது தாராளமான இடம். எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டு ரகங்களுக்கும் ஆதரவு தருவதை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் முடித்துக் கொண்டது.

இன்னொரு தேதி

அதே 214 கோடிச் சொச்சம் இன்னொரு இடத்திலும் காத்துக் கொண்டிருக்கிறது.

பல கம்ப்யூட்டர்கள், 1970 ஜனவரி 1-ந் தேதி தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணித்தான் மணி சொல்கின்றன. அவற்றில், 32 விளக்கில் எண்ணுகிற பழைய யந்திரங்களில் ஒரு நாள் படி நிறைந்து விடும். புதிய கம்ப்யூட்டர்களில் 64 விளக்கு வைத்து விட்டார்கள். சுவரில் பதித்தும், யந்திரங்களுக்குள் பூட்டியும், யாரும் திறந்தே பார்க்காமல் ஓடிக் கொண்டிருக்கும் சின்னக் கம்ப்யூட்டர்கள்தான் கவலை. அவற்றைத் தேடிப் பிடித்து மாற்றும் வேலை நடந்து வருகிறது.

படி நிறையும் நேரம் இந்தியக் கணக்கில், 2038 ஜனவரி 19-ந் தேதி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அன்று செவ்வாய்க்கிழமை. ஆபீசில் ஆள் இருப்பார்கள்.